எண் வெறும் சாட்சி

பழைய சொகுசுக் கார்களை வாங்குகிறவர், விற்கிறவர், கண்காட்சியில் மதிப்பெண் போடுகிறவர் என்று யாராக இருந்தாலும் இன்று ஒரே கேள்வியோடுதான் பானட்டைத் திறக்கிறார்கள்: மேட்சிங் நம்பரா? வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று சேசிஸில் எந்த எஞ்சின் உட்கார்ந்திருந்ததோ அதே எஞ்சின் இன்றும் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் இதற்குப் பொருள். அழுக்கைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த எண் பழைய ஏட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் வண்டி அசல். ஒத்துப்போகாவிட்டால் அது ஒட்டுப்போட்ட வண்டி, விலையும் இறங்கிவிடும். கேட்க நேர்மையான அளவுகோலாகத்தான் தோன்றுகிறது. எண் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். எஞ்சின் எண்ணைத் தேட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், ஏட்டோடு ஒப்பிடவும் வேண்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அது வழக்கில் வரும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

இந்தக் கோட்பாடு வலுப்பெற்ற இடத்தை முதலில் பார்க்க வேண்டும். 1960களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில், வண்டியின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சின் பிளாக்கிலும் பஞ்ச் அடித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வார்க்கப்பட்ட வண்டிகள் அவை. விலை உயர்ந்த பெரிய எஞ்சின் வைத்த கார்வெட் எது, சாதாரண எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பின்னால் பெரியதைப் பொருத்தியது எது என்று பிரித்தறிய அந்த எண் உண்மையிலேயே உதவியது. அங்கே அது பொருத்தமான கருவி. கருவியைச் செய்த இடத்திலேயே விட்டுவிடாமல், 1910களிலும் 1920களிலும் ஒவ்வொன்றாகக் கையால் பூட்டப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, புகாட்டி வண்டிகளின் மேலும் அதையே வைத்து அளக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. ரோல்ஸ் ராய்ஸில் சேசிஸ் எண் ஒரு வரிசை, எஞ்சின் எண் வேறொரு வரிசை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எந்த சேசிஸுக்கு எந்த எஞ்சின் என்பது வண்டியில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் இருக்கும் ஹன்ட் ஹவுஸில் அந்த சேசிஸ் அட்டைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு யார் ஆர்டர் கொடுத்தார், எந்தக் கம்பெனி மேலே பாடி கட்டியது, எந்த எஞ்சின் பூட்டப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த விஷயத்தில் ஏடு இல்லாவிட்டால் கறியே இல்லை.

அடுத்த கேள்வி இன்னும் அடிப்படையானது. எஞ்சின் எண் என்கிறோமே, அது எதனுடைய எண்? ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டின் எஞ்சினைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஆறு சிலிண்டர், ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு. ஆனால் அது ஒரே வார்ப்பு அல்ல. கீழே அலுமினியத்தில் கிராங்க் கேஸ். அதன் மேல் மூன்று மூன்று சிலிண்டர்களாக இரண்டு வார்ப்பிரும்பு பிளாக்குகள். ஹெட் தனியாகக் கழலாது, பிளாக்கோடு சேர்த்தே வார்த்தது. எண் அடித்திருப்பது அலுமினியக் கிராங்க் கேஸில். எரிபொருள் எரிவதும், பிஸ்டன் ஏறி இறங்குவதும், தண்ணீர் ஓடி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அரிப்பதும், குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடிப்பதும் மேலே உள்ள இரும்பில். நூறு வருஷத்தில் முதலில் சாவது அந்த இரும்புதான். அதனால் இன்று ஓடும் வண்டிகள் பலவற்றில் பிளாக்குகள் புதிதாக வார்க்கப்பட்டவை. பிஸ்டன் புதிது, வால்வு புதிது, பேரிங் புதிது. ஆனால் கீழே கிராங்க் கேஸில் பழைய எண் இருக்கிறது. ஆகவே மேட்சிங், ஆகவே அசல். இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க் கேஸைக் குத்திக் கிழித்துவிட்டது. தொழிற்சாலை வேறு கிராங்க் கேஸைப் போட்டு, பழைய பிளாக்குகளையும் கிராங்க் ஷாஃப்டையும் அதிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் உயிர்ப்பகுதி எல்லாம் பழையது. ஆனால் எண் பொருந்தாது, ஆகவே அசல் இல்லை. முதல் வண்டியைக் கொண்டாடி இரண்டாவதைத் தள்ளிவைக்கும் அளவுகோல் அளப்பது அசலை அல்ல, ஒரு கையகல அலுமினியத்தை.

அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்களுக்கு எஞ்சின் என்பது தொட்டால் தீட்டாகும் மூலவர் விக்கிரகம் இல்லை. கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்த பொருள் அது. டபிள்யூ.ஓ. பென்ட்லி 1919-ல் தொடங்கிய கம்பெனி 1931-ல் ரோல்ஸ் ராய்ஸின் கைக்குப் போகும்வரை செய்தது மொத்தம் சுமார் 3,000 வண்டிகள். சேசிஸுக்கு ஐந்து வருஷ உத்தரவாதம் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் பொறுப்பேற்பது என்றால் என்ன? வண்டி திரும்பி வரும், பிரிப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள், மறுபடி பூட்டி அனுப்புவார்கள் என்றுதானே பொருள். கம்பெனி போன பிறகும் இது நிற்கவில்லை. மூன்று லிட்டர் வண்டியில் நாலரை லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைப்பது பென்ட்லிக்காரர்களிடையே அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு மூன்று-நாலரை என்று தனிப்பெயரே நின்றுவிட்டது. புகாட்டி இன்னும் ஒரு படி மேலே போனார். உலகிலேயே ஆடம்பரமான கார் என்று ரோயால் வரிசையைத் தொடங்கி ஆறே ஆறு செய்தார். மூன்றைத்தான் விற்க முடிந்தது. மிச்சம் கிடந்த எஞ்சின்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. ரயில் பெட்டிகளில் பூட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்டார்.

அதே ரோயால் வரிசையின் முதல் வண்டி இந்த விவாதத்துக்குக் கிடைத்த பரிசு. அதன் சேசிஸ் எண் 41100. முதலில் அதன் மேல் ஒரு அமெரிக்க பாக்கார்ட் காரின் பாடி இருந்தது. பிறகு அடுத்தடுத்து வேறு பாடிகள் ஏறின. 1930களின் தொடக்கத்தில் எத்தோர் புகாட்டியே ஓட்டிக்கொண்டு போனபோது வண்டி விபத்தில் சிதைந்தது. மோல்சைமில் இருந்த அவருடைய தொழிற்சாலை புது சேசிஸ் எடுத்தது, புது பாடி கட்டியது, எண்ணாக அதே 41100-ஐக் கொடுத்தது. அதுதான் இன்று முலூஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கும் கூபே நெப்போலியன். எண்ணை நம்புகிறவர் இதைப் பார்த்து என்ன சொல்வார்? எண் பொருந்துகிறது என்பார். ஆனால் அந்த எண் முதலில் பிறந்த இரும்பு அங்கே இல்லை. அப்படியானால் போலி என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. செய்தவரே தன் பட்டறையில், தன் காருக்கு, தன் கண் முன்னால் செய்த மறுபிறப்பு அது. அவர் குடும்பத்தின் வண்டியாகவே இருந்தது. அதை அசல் ஆக்குவது எண் இல்லை, வரலாறு. எண் அந்த வரலாற்றின் பின்னால் போன வால்.

இது ரசிகர்களின் வீண் சண்டை என்று ஒதுக்க முடியாதபடி, விஷயம் ஒருமுறை நீதிமன்றப் படியே ஏறியது. பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ் வண்டிகளில் ஒன்று ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்றது. 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அடுத்தடுத்து வென்ற வண்டி. 1932-க்குள் அதில் எட்டு லிட்டர் எஞ்சின் ஏறிவிட்டது. அந்த ஆண்டு புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த விபத்தில் கிளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு சொந்தக்காரர் வுல்ஃப் பர்னாட்டோ அதை மூடிய கூபேயாகத் திருப்பிக் கட்டவைத்தார். பல கை மாறி, கடைசியில் ஒரு கோடி பவுண்டுக்குப் பேரம் முடிந்தது. வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தப் பழைய வண்டியே அல்ல என்று பின்வாங்க, விற்றவர் வழக்குப் போட்டார். 1990-ல் லண்டனில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பு சொன்னார். அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. 1929-ல் வென்ற வண்டியின் பாகம் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை என்றார். 1930-ல் வென்ற வண்டியிலிருந்து பெடல் ஷாஃப்ட், கியர் பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டியரிங் காலம் ஆகியவற்றுக்கு மேல் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்றார். கண்டிப்பான பொருளில் ஒரிஜினல் என்ற சொல் இதற்குப் பொருந்தாது என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியும் இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்து, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொன்னார். காரணம்? அந்த வண்டியின் வாழ்க்கை எங்கும் அறுபடவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாறிக்கொண்டே வந்தது, ஆனால் ஒரு நாளும் அது இல்லாமல் போகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறொரு வண்டியும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று. ஜாகுவார் 1963-ல் பந்தயத்துக்கென்று எடை குறைந்த ஈ-டைப் வண்டிகளுக்குப் பதினெட்டு சேசிஸ் எண்களை ஒதுக்கியது. பன்னிரண்டுதான் கட்டினார்கள். ஆறு எண்கள் ஏட்டில் காலியாகக் கிடந்தன. 2014-ல் அதே கம்பெனி அந்த ஆறு எண்களுக்கும் ஆறு கார்களைக் கட்டத் தொடங்கியது. எண் 1963-ஆம் வருஷத்தது, ஒதுக்கியது தொழிற்சாலை, கட்டியதும் தொழிற்சாலை, எஞ்சினும் சேசிஸும் ஏடும் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் பொருந்தும். மேட்சிங் நம்பர் கோட்பாட்டின்படி இதைவிடச் சுத்தமான வண்டி இருக்க முடியாது. ஆனால் இந்த ஆறும் 1960களின் பந்தயக் கார்கள் என்று கம்பெனியே சொல்லவில்லை. தொடர்ச்சிக் கார்கள் என்றுதான் விற்றது. ஏன்? ஐம்பது வருஷ வாழ்க்கை அவற்றுக்கு இல்லை. ஓல்ட் நம்பர் ஒன்னிடம் பழைய பாகங்கள் இல்லை, வாழ்க்கை இருக்கிறது. இந்த ஆறிடம் பழைய எண் இருக்கிறது, வாழ்க்கை இல்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகும் எண்தான் அடையாளம் என்று ஒருவர் சொன்னால், அவர் பிறப்புச் சான்றிதழை ஆள் என்று நினைக்கிறார்.

தவறான அளவுகோல் தவறான பதிலைத் தருவதோடு நிற்காமல் தவறான காரியத்தையும் செய்யத் தூண்டுகிறது. பொருந்தும் எண்ணுக்கும் பொருந்தாத எண்ணுக்கும் விலையில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சுத்தியலும் பத்து இரும்பு பஞ்சும் போதும். அக்காலத்து அமெரிக்க ஷெவர்லே வி-8 எஞ்சின்களில் எண் அடித்த இடம், ஹெட் உட்காரும் முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கும். பிளாக்கை ஃபேஸிங் பண்ணும் மெக்கானிக் தன் வேலையைச் சரியாகச் செய்தால் எண்ணும் சீவப்பட்டுப் போய்விடும். ஆக, முறையாக ஓவர்ஹால் செய்த எஞ்சின் எண்ணை இழந்து சந்தேகத்துக்கு ஆளாகிறது. கள்ளத்தனமாக எண் அடித்த எஞ்சின், எழுத்தின் வடிவம், இடைவெளி, மேலே பூசிய பழைய அழுக்கு வரை எல்லாம் சரியாக வைத்துக்கொண்டு பரிசு வாங்குகிறது. எஞ்சின் மாற்றியதற்கான பழைய பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அந்த பில்லே எதிரிச் சாட்சி ஆகிவிடுகிறது. கிழித்துப் போட்டால் லாபம். வரலாற்றைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லும் கோட்பாடு, வரலாற்றுக் காகிதத்தைக் கிழிப்பவனுக்குக் கூலி கொடுக்கிறது.

எண்ணைக் கைவிட்டால் திருட்டு வண்டிக்காரர்களுக்கும் போலி வண்டிக்காரர்களுக்கும் கொண்டாட்டம்தானே என்று கேட்பார்கள். எண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. எண்ணை வைத்து விசாரணையைத் தொடங்குங்கள், அதிலேயே முடித்துவிடாதீர்கள் என்கிறேன். சேசிஸில் உள்ள எண், கிராங்க் கேஸில் உள்ள எண், பாடி கட்டிய கம்பெனியின் எண், தொழிற்சாலை அட்டை, சர்வீஸ் ஏடு, பதிவுப் புத்தகம், அந்தந்தக் காலத்துப் புகைப்படம் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் பொய் எங்காவது இடறி விழும். எஞ்சின் எண் பொருந்தவில்லை என்றால் அதன் பொருள், இங்கே ஒரு கதை இருக்கிறது, கேள் என்பதுதான். அந்த எஞ்சின் எந்த வண்டியில் பிறந்தது, எப்போது இங்கே வந்தது, மாற்றியது தொழிற்சாலையா, தெருமுனைப் பட்டறையா, மாற்றியபோது வண்டி ஓட்டத்தில் இருந்ததா, இல்லை ஏலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்ததா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இந்தத் தேடலுக்குத்தான் எண். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்துகிறவருக்குப் போலிக்காரர்தான் நன்றி சொல்வார். அவர் ஏமாற்ற வேண்டியது ஒரே ஒரு இடத்தில் என்றாகிவிடுகிறது.

பிறந்த எஞ்சினோடே நூறு வருஷம் வாழ்ந்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் என்ன தவறு என்றும் கேட்கலாம். ஒரு தவறும் இல்லை. அப்படித் தப்பிப் பிழைத்தது அபூர்வம், அபூர்வத்துக்கு விலை உண்டு. ஆனால் அபூர்வம் வேறு, உண்மை வேறு. எண்பது வயதில் பல் எல்லாம் முழுசாக இருப்பவர் அதிர்ஷ்டசாலி. அதற்காகப் பல்செட் வைத்திருப்பவரைப் போலி மனிதர் என்று யாரும் சொல்வதில்லை. பெருமழையிலும் போர்க்காலத்திலும் ஓடிக் களைத்து, தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய், வேறு எஞ்சினோடு மறுபடி சாலைக்கு வந்த வண்டிக்கு உழைத்த வரலாறு இருக்கிறது. கொட்டகையில் ஓடாமல் நின்றதாலேயே எண் மாறாமல் இருந்த வண்டிக்கு இருப்பது நின்ற வரலாறு. இரண்டும் வரலாறுதான். ஒன்றுக்கு மட்டும் அசல் என்ற பட்டத்தைக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால் எங்கே போய் நிறுத்துவது? ஒரு பெயர்த்தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி, இதுவும் மறுபிறப்புதான் என்று ஒருவர் வந்து நின்றால்? கோடு போட முடியும். முதலாவது, தொடர்ச்சி: எந்த நாளிலும் அந்தப் பெயரில் ஒரு வண்டி இருந்திருக்க வேண்டும், ஒன்றே ஒன்று மட்டும் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, நோக்கம்: மாற்றம் வண்டி ஓடுவதற்காக நடந்ததா, விற்பதற்காக நடந்ததா? மூன்றாவது, வெளிப்படை: மாற்றியதை மாற்றிய காலத்திலேயே எழுதி வைத்தார்களா? தகட்டுக்காரர் மூன்றிலும் தோற்பார். நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டவைத்தார். இது பழைய கல்லின் படி என்பதையும் சேர்த்தே வெட்டவைத்தார். கல் மாறியது, கோயில் மாறவில்லை. மாறியதை மறைக்கவும் இல்லை. பழைய கார்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2013-ல் உறுதிசெய்த டூரின் சாசனமும் இதே திசையில்தான் நடக்கிறது. வண்டி புழக்கத்தில் இருந்த காலத்து மாற்றங்கள் அதன் வரலாற்றின் பகுதி என்கிறது. பிற்பாடு சேர்க்கும் புதுப் பாகங்களை அடையாளம் தெரியும்படி குறியிடச் சொல்கிறது.

இது ஐரோப்பியச் சீமான்களின் கவலை என்று நாம் ஒதுங்கி நிற்கவும் வழியில்லை. 2021 ஜூலையில் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வாகனங்களுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவும், எண்பலகையில் விஏ என்ற எழுத்துகளும் கொடுத்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றை மாற்றிய பெரிய ஓவர்ஹால் எதுவும் நடந்திருக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைத்தது. நம் நாட்டுப் பழைய கார்களின் வாழ்க்கை என்ன? சுதந்திரத்துக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் வெளிநாட்டு உதிரி கிடைக்காமல், கிடைத்த எஞ்சினை வைத்து, லேத்தில் கடைந்த பாகத்தைப் போட்டு, ஸ்லீவ் இறக்கி, நம் மெக்கானிக்குகள் அவற்றை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த வரலாறுதான் இந்தியக் காரை இந்தியக் கார் ஆக்குகிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், அந்த உழைப்பையே இந்த நிபந்தனை குற்றமாக்கிவிடும். உண்மையைச் சொல்கிறவருக்குப் பதிவு கிடைக்காது, மறைக்கிறவருக்குக் கிடைக்கும்.

விதி எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு திருத்தம் போதும். மாற்றமே கூடாது என்ற இடத்தில், மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும் என்று எழுதட்டும். எஞ்சின் எப்போது, எதற்காக, எதிலிருந்து மாறியது என்று ஆர்.சி.யோடு ஒரு தாள் சேரட்டும். அதை இணைப்பவருக்குத் தண்டனை வேண்டாம். மதிப்பெண் போடுகிறவர்கள், எண்ணுக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது காகிதத்துக்கு ஒதுக்கட்டும். வாங்கப் போகிறவர்களே, பென்சிலையும் தாளையும் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் பானட்டைத் திறப்பதற்கு முன்னால், வண்டியோடு வந்த பழைய பில்களும் கடிதங்களும் எங்கே என்று கேளுங்கள். எதுவும் இல்லை, ஆனால் எண் மட்டும் அச்சாகப் பொருந்தும் என்று விற்கிறவர் சொன்னால், அங்கேதான் நீங்கள் இரண்டாம் முறை யோசிக்க வேண்டும்.